அத்தையின் ஆவாரம் பட்டை

“ஈரல்ல கட்டி வந்தா அதுக்கு இன்னா மருந்து, கமலா?”

“சரியான மருந்துன்னு இன்னும் ஒண்ணும் வரலை அத்தே.”

“நீ அந்தப் படிப்புதானே படிச்சே?”

“உடம்புக்குள்ள நடக்கிற ரசாயனம் படிச்சேன். இந்த நோயை மட்டும் தனியா எடுத்துப் படிக்கலை.”

“அப்போ அதையும் எடுத்துப் படிச்சிடு. பாதியில வுட்டா நல்லாவா இருக்கு?”

அப்போது நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிது. என் மாமியார் பூங்காவனம் அம்மியில் மிளகாய் அரைத்தபடி, தலையைக்கூடத் திருப்பாமல் இதைச் சொன்னார். அரைத்த விழுதை வழித்தெடு என்று சொல்வது போலத்தான் இருந்தது. எனக்கு வந்த கண்ணீரை வெங்காயத்தின் மேல் பழிபோட்டுச் சமாளித்துவிட்டேன்.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் லுங்கித் தறிகள் ஓடும். அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து நான் எம்.எஸ்ஸி. முடித்ததே பெரிய விஷயம் என்று உறவில் பேசிக்கொண்டார்கள். 1979-இல் ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது புத்தகங்களை அம்மா வீட்டுப் பரணிலேயே விட்டுவிட்டேன். மேலே படிக்கட்டுமா என்று கணவரிடம் கேட்க வாயெடுப்பதும், இப்போது வேண்டாம் என்று அடக்கிக்கொள்வதுமாக இருந்த நாட்கள் அவை. நான் கேட்காமலே, கேட்க நினைத்தே இராத இடத்திலிருந்து அனுமதி வந்தது. அடுத்த ஆண்டு வேலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன்.

அத்தைக்கு அந்த நோயோடு தீர்க்காத ஒரு கணக்கு இருந்தது. என் மாமனார் கன்னியப்பன் டேனரியில் மேஸ்திரியாக இருந்தவர். என் கல்யாணத்துக்குச் சில வருஷம் முந்தி ஈரல் புற்றுநோயில் போய்விட்டார். கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. வீட்டுக்கு அழைத்துப் போய் அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பிடித்ததைத் தின்ன அவரால் முடியவில்லை. எது உள்ளே போனாலும் நிற்காமல் வயிற்றால் போனது. ஆலங்காயம் பக்கத்து வைத்தியர் ஒருவர் ஆவாரம் பட்டைக் கஷாயம் கொடுக்கச் சொன்னார். தோல் பதனிட டேனரிக்கு மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்த அதே பட்டைதான். எங்கேயும் அலையாமல் ஒரு மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளிவந்து அத்தை காய்ச்சிக் கொடுத்தார். கடைசி ஒரு மாதம் மாமா எழுந்து உட்கார்ந்தார், இட்லி சாப்பிட்டார், சிரித்துப் பேசினார்.

“அந்த மாசத்தை அந்தப் பட்டைதான் எனக்குக் குடுத்துச்சு” என்பார் அத்தை.

நான் வேலூருக்குப் போய்வந்த காலத்தில் அந்த வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நான் கழுவியதில்லை. விடிகாலையில் எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, டிபன் டப்பாவைக் கையில் திணித்து, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று விரட்டுவார். பக்கத்து வீட்டு மஹ்பூபி அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேலி செய்வார்.

“மருமவ ஜம்முனு ரயில் ஏறிப் போறா, மாமியார் பாத்திரம் தேய்க்கிறே. உங்க வீட்ல எல்லாமே உல்டாவா இருக்கே பூங்காவனம்!”

“உனக்குப் பாத்திரம் தேய்க்கிற மருமவ. எனக்கு மருந்து கண்டுபிடிக்கிற மருமவ. எது ஜாஸ்தின்னு நீயே சொல்லு.”

“கண்டுபிடிச்சிட்டாளா?”

“இன்னும் இல்ல. உன் மருமவ மட்டும் அந்தக் குண்டான் கரியை எடுத்துட்டாளா?”

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பம்பாயிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் புற்றுநோய் செல்கள் வந்தன. யாரோ ஒருவரின் ஈரல் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்தவை. கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஊட்டி, உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்தால் குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டு பெருகிக்கொண்டே போகும். நாங்கள் மூலிகைச் சாற்றை அதில் சேர்ப்போம். பிறகு ஒரு நீலச் சாயத்தை விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. செத்தது நீலமாகிவிடும். எந்தச் செடியின் சாறு அதிகமான செல்களை நீலமாக்குகிறதோ அதன் பின்னால் போவதுதான் என் வேலை.

ஆலங்காயம் மலையடிவாரத்திலிருந்து இலையும் வேருமாகக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டு மொட்டை மாடி முழுக்க அவை காய்ந்தன. காக்காய் விரட்டுவதும், புரட்டிப் போடுவதும், மேகம் கறுத்தால் அள்ளிக்கொண்டு ஓடுவதும் அத்தைதான். ஒரு நாள் அவர் கட்டித் தந்த செடிப் பொட்டலங்களோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது.

“இது இன்னா அத்தே?”

“ஆவாரம் பட்டை. எல்லாத்தையும் பார்க்கிறே, இதையும் ஒரு கை பாரேன்.”

அவருக்காகத்தான் பார்த்தேன். சாறு எடுத்து, செல்களுக்குக் கொடுத்து, சாயம் விட்டுப் பார்த்தபோது மைக்ராஸ்கோப்புக்குள் எல்லாமே நீலமாக இருந்தது. வேறெந்தச் செடியும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. மறுபடி செய்தேன், அப்படியே வந்தது. என் வழிகாட்டி பேராசிரியர் ஜம்புலிங்கம் வந்து பார்த்தார். யாருக்கும் டீ வாங்கித் தந்து அறியாத மனிதர் அன்று எல்லோருக்கும் டீ சொன்னார். “கமலவேணி, ஆராய்ச்சிக் கட்டுரையை எழுத ஆரம்பி” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். முதலில் சிரித்தார். “எனக்கு அப்பவே தெரியும்” என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி மெல்லிய குரலில் கேட்டார்.

“அப்போ இன்னும் முந்தியே குடுத்திருந்தா அவரு பொழைச்சிருப்பாரு, இல்ல?”

குப்பிக்குள் நடப்பது வேறு, உடம்புக்குள் நடப்பது வேறு என்று ஏதோ சொன்னேன். அது அவர் காதில் விழவில்லை. அன்றிலிருந்து அத்தை தெருவெல்லாம் மருமகளின் பெருமை பேசினார். ஆனால் தனியாக இருக்கும்போது ஒரு வேலையின் நடுவே கை நின்றுவிடும். எங்கேயோ பார்ப்பார். ‘முந்தியே குடுத்திருந்தா’ என்று உதடு அசையும்.

மஹ்பூபி அக்காவின் தம்பி பேரணாம்பட்டில் பீடிக்கடை வைத்திருந்தார். அவருக்கு ஈரல் வீங்கியிருக்கிறது என்று செய்தி வந்தது. அக்கா பாத்திரத்தோடு வந்து நின்றார்.

“அந்தப் பட்டையை எனக்கும் கொஞ்சம் காய்ச்சிக் குடு பூங்காவனம். ஆஸ்பத்திரிக்குப் போ, டெஸ்ட் எடுன்னு ஒரே பேஜார். உன் மருமவதான் கண்டுபிடிச்சிட்டாளே.”

அத்தை பட்டையை எடுக்கப் போய்விட்டார். நான் பதறிப்போய்க் குறுக்கே நின்றேன். “இன்னும் முடியலைக்கா. எலிக்குக்கூடக் குடுத்துப் பார்க்கலை. முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க” என்று கெஞ்சி அனுப்பினேன். அக்காவுக்குக் கோபம். அத்தைக்கும் என்மேல் வருத்தம். “நாலு பேருக்கு உதவாத மருந்து எதுக்கு?” என்று மட்டும் சொன்னார்.

என் கணவர் தணிகைவேல் ஒரு டேனரியில் கெமிஸ்ட். சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்தவர். பக்ரீத்துக்கு டேனரி லீவு விட்ட அன்று, “உன் நீலக் கூட்டத்தை எனக்கும் காட்டேன்” என்று என்னோடு வேலூருக்கு வந்தார். இரண்டு வாரத்துக்கு முன் பட்டைச் சாறு கொடுத்து, சாயமும் விட்ட ஒரு குப்பியைக் கழுவ மறந்து அலமாரியிலேயே விட்டிருந்தேன். அவருக்குக் காட்ட நல்லதாகப் போயிற்று என்று அதையே வைத்துக் காட்டினேன்.

குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

“நீலமா இருக்கிறதெல்லாம் செத்ததா?”

“ஆமா. எல்லாமே.”

“செத்து ரெண்டு வாரம் ஆச்சா?”

“ஆச்சு. ஏன்?”

“ஏன் கரையலை?”

எனக்குப் புரியவில்லை. அவர் கண்ணை எடுக்காமலே பேசினார்.

“செத்தது ஊறிக் கரைஞ்சு போகணும் இல்ல? இது ஓரம்கூடக் கலையாம கோடு போட்ட மாதிரி நிக்குது. கண்ணாடியை வுட்டும் வரலை. எங்க டேனரிக் குழியில பட்டைச் சாறு குடிச்ச ஆட்டுத் தோல் இப்படித்தான் வேணி இருக்கும். செத்ததுதான். ஆனா அழுகாது.”

அவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. பட்டையில் இருக்கும் டானின், புரதத்தைக் கண்ட இடத்தில் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தோல் பதமாகிறது. இது எனக்குத் தெரியாததல்ல, பாடத்தில் படித்துப் பரீட்சையே எழுதியிருக்கிறேன். ஆம்பூரில் அந்த வாசனையை முகர்ந்துகொண்டுதான் தூங்குகிறேன். என் மருந்து புற்றுநோய் செல்லைத் தேடிப்பிடித்துக் கொல்லவில்லை. எந்த செல்லைக் கொடுத்தாலும் அது அப்படித்தான் செய்யும். நான் இவ்வளவு நாளும் ஒரு குப்பிக்குள் டேனரி நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரோடு சண்டை போட்டேன்.

“உங்களுக்கு எதைப் பார்த்தாலும் தோல்தான்!”

“இன்னா பண்றது? சம்பளம் குடுக்கிறவன் அதைத்தானே காட்டறான்.”

நான் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பள்ளிகொண்டா தாண்டியது.

“சொல்லாம இருந்திருக்கலாமோ?” என்றார்.

“இருந்திருக்கலாமே! யார் கேட்டாங்க உங்களை?”

மாதனூர் வந்தது. அங்கே எதிர் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் கூட்டம் ரோட்டைக் கடக்க, எங்கள் பஸ் நின்றது. அப்போது சொன்னார், “நான் சொல்லலைன்னா மஹ்பூபி அக்கா தம்பி அதைக் குடிப்பாரு வேணி.”

அதற்கு மேல் எனக்குச் சண்டை போட ஒன்றும் இருக்கவில்லை. என் கை அவர் கையைத் தேடிப் போனது. ஜன்னலை விட்டு மட்டும் நான் திரும்பவில்லை.

அடுத்த வாரம் அவர் தன் டேனரி முதலாளியிடம் கேட்டு, பஞ்சு போல வெளுத்த ஒரு தூளை டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார். தோல் தூள். மயிரும் கொழுப்பும் நீக்கிய பச்சைத் தோலைத் தூளாக்கியது. ஒரு பட்டையில் எவ்வளவு டானின் இருக்கிறது என்று பார்க்க டேனரி கெமிஸ்டுகள் செய்யும் வழி அது. பட்டைச் சாற்றில் இந்தத் தூளைப் போட்டுக் குலுக்கினால், தோல் குடிப்பது போலவே தூளும் டானினைக் குடித்துவிடும். வடிகட்டினால் டானின் இல்லாத மிச்சம் கையில் வரும்.

“அந்த மிச்சத்தை உன் செல்லுக்குக் குடு” என்றார். “அதுலயும் செத்தா உன் பட்டை மருந்துதான். நான் காதைப் பிடிச்சுக்கிட்டுத் தோப்புக்கரணம் போடறேன்.”

நான் என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். அவர் தோப்புக்கரணம் போடவேண்டும் என்றுதான். பட்டையை மட்டுமில்லாமல் இதுவரை பார்த்த எல்லாச் செடிகளின் சாற்றையும் தோல் தூளில் குலுக்கி வடிகட்டினேன். செல்களுக்குக் கொடுத்தேன். சாயம் விட்டேன்.

பட்டையின் மிச்சத்தில் செல்கள் சௌக்கியமாகப் பெருகியிருந்தன. ஒன்றிரண்டைத் தவிர நீலமே இல்லை. நம்பிக்கை தந்த மற்ற செடிகளில் பாதிக்கு மேல் அதே கதிதான். ஆலங்காயத்திலிருந்து கொண்டுவந்த ஒரு கொடியின் வேர் மட்டும் முன்பு செய்ததையே இப்போதும் செய்தது. அதிகமில்லை. கால்வாசி செல்களுக்கும் கம்மிதான் செத்திருந்தன. ஆனால் அவை செத்தவை போலச் செத்திருந்தன. சுருங்கி, கண்ணாடியை விட்டுக் கழன்று, உடைந்து மிதந்தன.

பேராசிரியர் இரண்டு குப்பிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “எனக்கும் தோணியிருக்கணும்” என்றார். “ஆம்பூர்லேருந்து ஒருத்தர் வந்து சொல்லவேண்டியிருக்கு.” பிறகு, “ரெண்டையும் எழுது. பட்டை நம்மளை ஏமாத்தினதையும் சேர்த்து எழுது. இன்னொருத்தன் ஏமாறாம இருப்பான்” என்றார். டீ வந்தது. அன்றைக்கு என் செலவு.

என் படிப்பு தப்பிப் பிழைத்தது. அதற்கு நன்றி சொல்லிக்கொண்டே ரயில் ஏறினாலும், ஆம்பூர் நெருங்க நெருங்க ஒரே கேள்விதான். அத்தையிடம் எப்படிச் சொல்வது? அவர் கணவருக்குக் கடைசியாகத் தன் கையால் கொடுத்தது அந்தக் கஷாயம். தெருவில் தலைநிமிர்ந்து சொல்லிக்கொண்டதும் அதைத்தான். இரண்டையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறவள் நான். எனக்குத் தலைவாரிவிட்ட கைக்கு நான் கொடுக்கும் பதில் இதுதானா?

“நான் சொல்லட்டுமா?” என்று அன்றிரவு கணவர் கேட்டார்.

“வேணாம். என்னைப் படிக்கச் சொன்னவங்க அவங்க. நான்தான் சொல்லணும்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை மாடியில் முறத்தை வைத்துக்கொண்டு வேர்த் துண்டுகளில் மண் தட்டிக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன். சுற்றிவளைக்காமல் சொன்னேன். பட்டை தோலை என்ன செய்யுமோ அதைத்தான் அந்த செல்லையும் செய்தது, டானினை எடுத்துவிட்டால் அதில் ஒன்றுமில்லை என்று. டேனரி மேஸ்திரியின் மனைவிக்கு அதற்கு மேல் விளக்கத் தேவை இருக்கவில்லை.

அவர் கை நின்றது.

“அப்போ அது மருந்து இல்ல.”

“இல்ல அத்தே.”

“நிச்சயமா?”

“இந்த நோய்க்கு இல்ல. திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன்.”

“அப்போ அவரு எழுந்து உட்கார்ந்தது? இட்லி தின்னது?”

“பட்டை துவர்ப்பு இல்லையா, வயித்தைக் கட்டியிருக்கும். போறது நின்னதும் தெம்பு வந்து சாப்பிட்டிருக்கலாம். அது நீங்க குடுத்ததுதான். ஆனா ஈரல்கிட்ட அது போகவே இல்லை.”

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். அழப்போகிறார் என்று நான் நெருங்கி உட்கார்ந்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“கமலா, நிஜத்தைச் சொல்லு. நான் முந்தியே குடுத்திருந்தா? நோய்னு தெரிஞ்ச அன்னிக்கே குடுத்திருந்தா?”

“அன்னிக்கே குடுத்திருந்தாலும் அவரு போயிருப்பாரு அத்தே. நீங்க எப்போ குடுத்திருந்தாலும் சரி.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு மூச்சை விட்டார் பாருங்கள், அத்தனை காலமாக அந்த மூச்சு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் முகம் அழவில்லை.

“நான் லேட் பண்ணிட்டேன்னு இருந்தேன்” என்றார். “வைத்தியரு சொன்னப்போ, கசப்பா இருக்கும், பாவம்னு பத்து நாள் தள்ளிப்போட்டேன். நீ மருந்துன்னு சொன்ன அன்னிலேருந்து அந்தப் பத்து நாளும் என்னைத் தூங்க வுடலை. நீ நல்லா இருக்கணும்மா. நல்லவேளை, அது மருந்து இல்லாம போச்சு.”

உலகத்தில் எந்த ஆராய்ச்சி மாணவியும் தோற்ற சோதனைக்கு இப்படி ஒரு வாழ்த்து வாங்கியிருக்கமாட்டாள். நான்தான் அவர் மடியில் தலையை வைத்து அழுதேன்.

அவர் என்னை எழுப்பிவிட்டு, சுவர் ஓரம் போய் உரக்கக் கூப்பிட்டார்.

“மஹ்பூபி! ஏ மஹ்பூபி! உன் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போனானா?”

“நேத்துதான் சேர்த்தோம். உன் மருமவ புண்ணியத்துல. ஏன்?”

“அந்தப் பட்டை மருந்து இல்லையாம். அதைத் தோலுக்குத்தான் போடணுமாம். என் மருமவ கண்டுபிடிச்சிட்டா!”

“அது எங்க வீட்டு ஆடு சொல்லுமேடி! அதுக்கா இவ்ளோ படிப்பு?”

“உனக்கு இன்னா தெரியும்? மருந்து இல்லைன்னு கண்டுபிடிக்கிறதுதான் ஜாஸ்தி கஷ்டம்!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். வெட்கப்படவேண்டியவள் நான். அதைத் தன் தலையில் வாங்கி, தெருவுக்கே சிரிப்பாக்கிக் கொடுத்துவிட்டார் அந்த அம்மாள்.

திரும்பி வந்து முறத்தை எடுத்தார். மறுபடி கீழே வைத்தார். வேர்த் துண்டு ஒன்றை எடுத்து, மண் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.

“இன்னா அத்தே?”

“ஒண்ணுமில்ல.”

“சொல்லுங்க.”

“நீ சிரிக்கக் கூடாது.”

“சிரிக்கமாட்டேன்.”

அவர் என்னைப் பார்க்காமல் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நீ அங்க போய்ச் சேர்ந்த நாள்லேருந்து கேக்கணும்னு இருக்கேன். உன் வேலைக்கு இடைஞ்சலா இருக்கும்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அவரு வயித்துக்குள்ள இருந்ததை எனக்கு யாருமே காட்டலை. டாக்டருங்க அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. என்கிட்ட கட்டின்னு மட்டும் சொன்னாங்க. அதுக்கு முகம் எப்படி இருக்கும்னு தெரியாமலே அதோட சண்டை போட்டேன், தோத்தேன். இனிமே அதைப் பார்த்தா எனக்குப் பயம் இல்ல.” வேரை முறத்தில் போட்டார். “என்னை ஒரு தபா வேலூருக்குக் கூட்டிட்டுப் போய், அந்தக் கண்ணாடியில அதை எனக்குக் காட்டுவியா, கமலா?”